போக்கருக்கு வரி: அமெரிக்கா போட்ட கணக்கும் வந்த விடையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். அவனோடு படித்தவர்கள் கமென்டில் ஊகித்து எழுதவும் வேண்டாம். பிள்ளைகள், வேலை, அம்மாவின் முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே வந்தவன், "ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு மணி நேரம் போன்ல போக்கர் ஆடுவேன் டீச்சர், மனசுக்கு ரிலாக்ஸா இருக்கும்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்தும் என் மௌனத்துக்கு அர்த்தம் தெரிந்த பிள்ளை அவன். உடனே, "இங்க இது லீகல் டீச்சர். கவர்மென்டே லைசென்ஸ் குடுத்திருக்கு. ஜெயிச்சா டாக்ஸ் கட்டறேன். கம்பெனி கட்டற டாக்ஸ் வயசானவங்களுக்குத்தான் போகுது. இதுல என்ன தப்பு?" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. நியூஜெர்சியில் சூதாட்ட வரி போய்ச் சேரும் நிதி முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் வழக்கம் வகுப்பிலும் எனக்கு இருந்ததில்லை. "படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன். நம்மூர் ஆன்லைன் ரம்மி விவகாரத்தை இதில் கலக்கவில்லை. அது தனிக் கதை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

சீட்டு ஆடாதவர்களுக்கு முதலில் ஒரு சிறு விளக்கம். சூதாட்டக் கூடத்தில் மற்ற பல ஆட்டங்களில் நீங்கள் ஆடுவது கடைக்காரரோடு. நீங்கள் தோற்றால் பணம் அவருக்கு. போக்கரில் அப்படி இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் ஆடுகிறார்கள். நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து சிறு கமிஷன் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர் வருமானம். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றே. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கணக்குப் போடும்போது இதுதான் தேவைப்படும்.

போக்கர் அமெரிக்கர்களுக்கு வெறும் சூதாட்டம் இல்லை, அவர்கள் ஊர்ச் சொத்து மாதிரி. 19-ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் பரவிய ஆட்டம். ஜனாதிபதி ட்ரூமன் விரும்பி ஆடியவர். நிக்சன் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் போக்கரில் ஜெயித்த பணத்தின் ஒரு பகுதியைத் தன் முதல் தேர்தல் செலவுக்குப் பயன்படுத்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஆட்டம் இணையத்துக்குப் போனது 1998-இல். அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு.

கவனிக்க வைத்தவர் ஒரு கணக்காளர். டென்னசி மாநிலத்துக்காரர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயர் இல்லை, அவருடைய உண்மையான குடும்பப் பெயரே அதுதான். லாஸ் வேகாஸில் வருடாவருடம் நடக்கும் உலக போக்கர் போட்டியில் உட்காரவே 10,000 டாலர் கட்ட வேண்டும். இவர் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் ஆடி, அந்த இடத்தை ஜெயித்தார். 2003-இல் அங்கே போய் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அமெரிக்காவில் கணினி வைத்திருந்த ஒவ்வொரு இளைஞனும் "அடுத்தது நான்தான்" என்று நினைத்தான். மூன்றே வருஷத்தில், 2006-இல், அதே போட்டிக்கு வந்தவர்கள் 8,773 பேர்.

ஆனால் இந்தத் தளங்கள் ஒன்றுகூட அமெரிக்காவில் இல்லை. ஜிப்ரால்டர், மேன் தீவு, கோஸ்டாரிகா, கனடாவில் மோஹாக் பழங்குடியினரின் கானவாகே பகுதி என்று எங்கெங்கோ இருந்து நடத்தினார்கள். பணம் அமெரிக்கர்களுடையது, அமெரிக்காவுக்கு வரி பூஜ்யம். அப்போதைய மிகப் பெரிய நிறுவனம் பார்ட்டி கேமிங். அதற்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பங்குதாரரும் ஆனவர் அனுராக் தீக்ஷித், டெல்லி ஐஐடியில் படித்தவர். 2005-இல் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் ஏறியபோது முப்பத்து சொச்சம் வயதில் பெரும் கோடீஸ்வரர் ஆனார்.

சட்டம் என்ன சொன்னது? இருந்தது 1961-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று. கென்னடி ஜனாதிபதி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி நீதித்துறையின் தலைவர். தொலைபேசியிலும் தந்தியிலும் பந்தயம் பிடித்த ரவுடிக் கும்பல்களை ஒடுக்கப் போட்டது. தொலைபேசி காலத்துச் சட்டத்தைக் கொண்டு இணையத்தைப் பிடிக்க முடியுமா என்று பத்து வருஷம் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

2006-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. போட்ட விதத்தைக் கேளுங்கள். துறைமுகங்களைத் தீவிரவாதிகளிடமிருந்து காக்கும் மசோதா ஒன்று. அதன் வாலில் இணையச் சூதாட்டத் தடையைக் கட்டிவிட்டார்கள். செனட் பெரும்பான்மைத் தலைவர் பில் ஃப்ரிஸ்ட் முன்னின்று செய்த வேலை. தேர்தலுக்கு முந்தைய விடுமுறைக்கு எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்த செப்டம்பர் மாதக் கடைசி. துறைமுகப் பாதுகாப்பை எதிர்த்து எவன் ஓட்டுப் போடுவான்? கீழவையில் 409 ஆதரவு, 2 எதிர்ப்பு. அக்டோபர் 13 அன்று புஷ் கையெழுத்திட்டார். குடிமையியல் பாடத்தில் மசோதா சட்டமாவதைப் படிப்படியாகப் படம் போட்டு விளக்குவேனே, அதில் இந்தப் படியைச் சேர்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றும் செய்தார்கள். ஆடுபவனை இந்தச் சட்டம் தொடவில்லை. பணத்தின் பாதையை அடைத்தது. வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் சட்டவிரோத இணையச் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் அனுப்பக் கூடாது. குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே, அந்த மாநிலச் சட்டப்படி நடக்கும் ஆட்டத்துக்கும் விலக்கு. இந்தக் கடைசி விலக்கை அன்றைக்குப் பெரிதாக யாரும் பேசவில்லை. பின்னால் கதவு திறந்தது அந்த வழியாகத்தான்.

பார்ட்டி கேமிங் அமெரிக்காவை விட்டு உடனே வெளியேறியது. அதன் பங்கு ஒரே நாளில் பாதிக்கும் மேல் விழுந்தது. தீக்ஷித் 2008-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலரைக் கட்டச் சம்மதித்தார். சட்டத்தை மதித்து வெளியேறியவர்களின் இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்? வெளியேற மறுத்தவர்கள். போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், ஆப்சலூட் போக்கர். தடை வந்தபின் ஆட்டம் குறையவில்லை, ஆட்டத்தை நடத்துபவர்கள் மாறினார்கள்.

இங்கேதான் வரி பற்றிய வாதம் ஆரம்பிக்கிறது. மாசசூசெட்ஸ் உறுப்பினர் பார்னி ஃபிராங்க். கீழவையின் நிதிச் சேவைகள் குழுவுக்குத் தலைவர். 2007-லும் 2009-லும் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கி முறைப்படுத்தும் மசோதாக்களைக் கொண்டுவந்தார். வயது வந்த மனிதன் தன் வீட்டில், தன் பணத்தில் என்ன செய்கிறான் என்பதை அரசாங்கம் ஏன் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இடதுசாரிப் பக்கம் நின்ற அவரோடு, அரசாங்கமே சுருங்க வேண்டும் என்ற ரான் பாலும் சேர்ந்துகொண்டார். வாஷிங்டன் மாநிலத்து உறுப்பினர் ஜிம் மெக்டெர்மாட் பக்கத்திலேயே ஒரு வரி மசோதாவை வைத்தார். ஆடுபவர்கள் கட்டும் முன்பணத்தில் 2 சதவீதத்தை நிறுவனம் அரசுக்குத் தர வேண்டும், ஜெயித்தவர்களின் வருமானமும் கணக்கில் வர வேண்டும். நாடாளுமன்றத்தின் வரிக் கணக்குக் குழு, பத்து வருஷத்தில் 4,200 கோடி டாலர் வரை வரலாம் என்று மதிப்பிட்டது.

2008-இல் அங்கே வங்கிகள் விழுந்து, லட்சக்கணக்கானோர் வேலை இழந்து, மாநில அரசுகள் ஆசிரியர்களைக்கூட வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் 4,200 கோடி என்ற எண் எப்படி இனித்திருக்கும் பாருங்கள். எனக்கு மதுவிலக்கு ஞாபகம் வந்தது. 1920-இல் அமெரிக்கா அரசியல் சட்டத்தையே திருத்தி மதுவை ஒழித்தது. 1933-இல் மறுபடி திருத்தித் திறந்துவிட்டது. கள்ளச்சாராயக் கும்பல்கள் ஒரு காரணம். பெருமந்தத்தில் கஜானா காய்ந்து கிடந்தது இன்னொரு காரணம். ஒழுக்கத்தைப் பற்றிய வாதம் பஞ்சகாலத்தில் வரியைப் பற்றிய வாதமாக மாறுவது அந்த நாட்டுக்குப் புதிதில்லை.

எதிர்த்தவர்களும் சும்மா இல்லை. அலபாமா உறுப்பினர் ஸ்பென்சர் பக்கஸ், கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். சூதாட்டக் கூடத்துக்கு ஒருவன் கிளம்பிப் போக வேண்டும், இது அவன் படுக்கையறைக்கே வந்துவிடுகிறது என்பது அவர் பக்கத்து வாதம். அவர் கட்சி எனக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம், அந்தப் பேச்சில் எனக்கு மறுக்க ஒன்றும் இல்லை. எதிரணியில் இன்னொருவர் பின்னால் வந்து சேர்ந்தார், அதுதான் வேடிக்கை. லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் நிறுவனத்தின் முதலாளி, உலகிலேயே பெரிய சூதாட்டக் கூடங்களை வைத்திருந்த ஷெல்டன் ஏடெல்சன். மவுஸை அமுக்கினால் வீடு போய்விடும் என்று ஊரெல்லாம் எச்சரித்தார். அவருடைய கூடத்துக்கு நேரில் போய் வீட்டைத் தோற்றால் பரவாயில்லை போலும்.

ஆதரவுக் கூட்டத்தில் போக்கர் ஆட்டக்காரர்கள் சங்கம் இருந்தது. முன்னாள் செனட்டர் அல்ஃபோன்ஸ் டமாட்டோ தலைவர். பத்து லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டது. இவர்களின் பிரம்மாஸ்திரம் ஒன்றுதான்: போக்கர் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல. ஒரு கை விழுவது அதிர்ஷ்டம், ஆயிரம் கை ஆடினால் ஜெயிப்பது மூளை என்பார்கள். 2012-இல் புரூக்ளினில் ஜாக் வைன்ஸ்டைன் என்ற மூத்த நீதிபதி, நூறு பக்கத்துக்கு மேல் எழுதி அதை ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது.

2010 ஜூலை 28-இல் ஃபிராங்க்கின் மசோதா குழுவில் 41-க்கு 22 என்று தேறியது. முழு அவைக்கு வரவே இல்லை. நவம்பர் தேர்தலில் கீழவை கைமாறியது, ஃபிராங்க்கின் தலைவர் பதவியும் போனது. டிசம்பரில் செனட்டில் ஹாரி ரீட், நெவாடாக்காரர், போக்கருக்கு மட்டும் ஒரு மசோதாவை நுழைக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

அடுத்து நடந்ததை அந்த ஊர் ஆட்டக்காரர்கள் கறுப்பு வெள்ளி என்கிறார்கள். 2011 ஏப்ரல் 15. நமக்குச் சித்திரை பிறந்த மறுநாள். நியூயார்க் தென் மாவட்டத்தின் மத்திய அரசு வழக்கறிஞர் பிரீத் பராரா, நம் பஞ்சாபின் ஃபெரோஸ்பூரில் பிறந்தவர், மூன்று தளங்களின் நிறுவனர்கள் உட்பட 11 பேர் மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டார். அன்று தளத்தைத் திறந்தவர்கள் பார்த்தது சீட்டுக்கட்டை அல்ல, எஃப்பிஐ முத்திரையை.

குற்றம் என்ன தெரியுமா? வங்கிகளை ஏமாற்றியது. 2006 சட்டத்துக்குப் பிறகு போக்கருக்குப் பணம் என்று தெரிந்தால் வங்கி விடாது. அதனால் இல்லாத கடைகளை உருவாக்கினார்கள். பூக்கடை, நகைக்கடை, கோல்ஃப் பந்து விற்கும் கடை, நாய் பூனைக்குச் சாமான் விற்கும் கடை. ஆடுபவனின் வங்கிக் கணக்கில் கோல்ஃப் பந்து வாங்கியதாகப் பதிவாகும். இதற்கு ஒத்துழைத்த வங்கிகளில் ஒன்று எங்கே இருந்தது? யூட்டா மாநிலத்தில். லாட்டரிச் சீட்டைக்கூட அனுமதிக்காத மாநிலம் அது.

நிஜமான அடி செப்டம்பரில் வந்தது. ஃபுல் டில்ட் தளத்தில் ஆட்டக்காரர்களின் கணக்குகளில் இருந்ததாகத் திரையில் காட்டிய பணம் சுமார் 39 கோடி டாலர். வங்கியில் உண்மையில் இருந்தது சுமார் 6 கோடி. அதே காலத்தில் முதலாளிகளும் இயக்குநர்களும் 44 கோடி டாலருக்கு மேல் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அரசு சொன்னது. சேமிப்பை அதில் வைத்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்கள்? நடந்ததே சட்டத்துக்கு வெளியில். கடைசியில் 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் மொத்தம் 73 கோடி டாலர் தரச் சம்மதித்து, ஃபுல் டில்டையும் எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது 2014 பிப்ரவரி கடைசியில். ஏறக்குறைய மூன்று வருஷம்.

இதற்கும் முன்னால் அல்டிமேட்பெட் என்ற தளத்தில் நடந்த மோசடி இன்னும் கேவலம். மற்றவர்களின் மூடிய சீட்டுகளைப் பார்க்கும் ரகசிய வசதியை வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்களே ஆடியிருக்கிறார்கள். கண்டுபிடித்தது போலீஸ் இல்லை. தோற்ற ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, "இப்படி ஒருவன் தொடர்ந்து ஜெயிக்கவே முடியாது" என்று நிரூபித்தார்கள். விசாரித்த கானவாகே ஆணையம் முக்கியக் குற்றவாளி என்று சொன்னது ரஸ் ஹாமில்டனை. 1994-இல் உலக போக்கர் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர்.

இதைப் படித்தபோது என் மனசு மாறியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். "சூதாட்டம்னா தடை பண்ணு, முடிஞ்சது வேலை" என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். தடை இருந்த ஐந்து வருஷத்தில் ஆட்டமும் நிற்கவில்லை, ஆடியவனுக்குப் பாதுகாப்பும் இல்லை. உரிமம் இருந்தால் ஆட்டக்காரன் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வயதைச் சரிபார்க்க வேண்டும், "என்னைச் சேர்க்காதே" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் அவனை உள்ளே விடக் கூடாது. என் மாணவன் ஆடும் தளத்துக்கு இந்த விதிகள் எல்லாம் உண்டு. அந்த மட்டில் அவன் சொன்னது சரி.

அதே 2011 டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், நீதித்துறை ஒரு கருத்தை வெளியிட்டது. 1961 சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று. கேட்டது போக்கர்காரர்கள் இல்லை, லாட்டரிச் சீட்டை இணையத்தில் விற்க விரும்பிய இலினாய், நியூயார்க் மாநிலங்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலில் எல்லோருக்கும் வழி பிறந்தது. (ட்ரம்ப் காலத்தில் நீதித்துறை இந்தக் கருத்தை மாற்றியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லாட்டரித் துறை வழக்குப் போட்டு, 2021 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது.) டெல்லியில் ஆகாததைச் சென்னையில் முடித்துக்கொள்கிற மாதிரி, வாஷிங்டனில் ஆகாததை மாநிலங்கள் செய்ய ஆரம்பித்தன.

2013-இல் நெவாடா, டெலவேர், நியூஜெர்சி மூன்றும் திறந்தன. நெவாடாவில் முதலில் திறந்த அல்டிமேட் போக்கர் என்ற தளம் ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டது. காரணம் எளிது. போக்கருக்கு எதிரில் ஆள் வேண்டும். நெவாடாவின் ஜனத்தொகை அப்போது 30 லட்சம்கூட இல்லை. பக்கத்து மாநிலத்துக்காரனோடு ஆட முடியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேசையில் யார் இருப்பார்கள்? பின்னால் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு மேசைகளைச் சேர்த்துக்கொண்டன. பென்சில்வேனியா சேர்ந்தது 2025-இல்தான்.

நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முதல் வருஷ பட்ஜெட்டில் இணையச் சூதாட்ட வரியாக 16 கோடி டாலர் எதிர்பார்த்தார். 2014 முழு வருஷத்தில் நிறுவனங்களின் மொத்த வருமானமே 12 கோடி சொச்சம்தான். அப்போது வரி விகிதம் 15 சதவீதம். நான் கணக்குப் பாடம் எடுத்தபோது நீங்கள் போட்ட மாதிரியே போட்டுப் பாருங்கள்: 2 கோடிகூட வராது.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். 2014-இல் நியூஜெர்சியில் இணையப் போக்கரிலிருந்து நிறுவனங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 3 கோடி டாலர். 2023-இல்? அதே ஏறக்குறைய 3 கோடி. பத்து வருஷத்தில் அசையவில்லை. ஆனால் இணையச் சூதாட்டத்தின் மொத்த வருமானம் 12 கோடியிலிருந்து 192 கோடிக்குப் போய்விட்டது. மீதி 189 கோடி எங்கிருந்து வந்தது? ஸ்லாட் மெஷின், ரூலெட், பிளாக்ஜாக். இவற்றில் பெரும்பகுதி ஸ்லாட். பொத்தானை அமுக்கினால் படம் சுற்றி நிற்குமே, அது. அதில் திறமை என்று ஒன்றும் கிடையாது. ஆடுவது கடைக்காரரோடு.

பத்து வருஷம் நாடாளுமன்றத்தில் வாதாடியது எதற்காக? போக்கருக்காக. மூளை ஆட்டம், நம் தாத்தா ஆடிய ஆட்டம், ஜனாதிபதிகள் ஆடிய ஆட்டம். கதவைத் தட்டியது போக்கர். திறந்ததும் உள்ளே போனது ஸ்லாட் மெஷின்.

ஏன் அப்படி? முதலில் சொன்ன கமிஷனை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் தலைக்கு 100 டாலரோடு உட்கார்ந்தால் மேசையில் 1,000. நன்றாக ஆடும் இரண்டு பேர் மற்ற எட்டுப் பேரிடமிருந்து அள்ளிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். எட்டுப் பேர் தோற்றதில் பெரும்பங்கு அந்த இருவருக்கு, சிறு பங்குதான் நிறுவனத்துக்கு, அதிலும் சிறு பங்குதான் அரசுக்கு. ஸ்லாட் மெஷினில் ஜெயிக்கும் அந்த இரண்டு கெட்டிக்காரர்களுக்கு வேலையே இல்லை. எல்லோரும் சேர்ந்து தோற்பது நேராக நிறுவனத்துக்கு. வரி வேண்டும் என்ற அரசுக்கு எது லாபம்? 2017-இல் அனுமதித்த பென்சில்வேனியா, இணையப் போக்கருக்கு 16 சதவீதமும் ஸ்லாட்டுக்கு 54 சதவீதமும் வரி போட்டது. பணம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"டாக்ஸ் வயசானவங்களுக்குப் போகுது" என்றான் என் மாணவன். போகிறது. அந்த வரி முழுவதும் யாரோ தோற்ற பணத்தின் மேல் விதித்தது. ஆட்டக்காரர்கள் குறைவாகத் தோற்றால் வரி குறையும். அதனால் வரியை நம்பி பட்ஜெட் போட்ட எந்த அரசும், அவர்கள் குறைவாகத் தோற்க வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்ப முடியாது. ஃபுல் டில்டின் முதலாளிகளைவிட இந்த அரசு ஆயிரம் மடங்கு யோக்கியமான நடத்துநர், சந்தேகமில்லை. ஆனாலும் மேசையிலிருந்து அதற்கும் ஒரு பங்கு போகிறது. நானும் அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவள்தான். எந்தப் பணம் எந்த வழியாக எனக்கு வருகிறது என்று நான் கேட்டதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்றைக்கு இணையப் போக்கரைச் சட்டப்படி அனுமதிக்கும் மாநிலங்கள் பத்துக்கும் குறைவு. 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியத் தடையை நீக்கியதும் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்தப் பக்கம் ஓடிவிட்டன. போக்கர் ஓரமாக நிற்கிறது. ஏடெல்சன் 2021-இல் காலமானார். போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனர் ஐசாய் ஷைன்பெர்க் 2020-இல் தானே வந்து சரணடைந்து, 30,000 டாலர் அபராதத்தோடு வீட்டுக்குப் போனார்.

தம்பி, இது உனக்கு. நீ டாக்ஸ் கட்டுகிறேன் என்று சொன்னாய் அல்லவா, அதில் இந்த ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம் வந்திருக்கிறது. உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. 2025 ஜூலையில் ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவு. இதுவரை தோற்றதை, ஜெயித்த அளவு வரைக்கும் முழுசாகக் கழிக்கலாம். 2026 வருஷக் கணக்கிலிருந்து தோற்றதில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். நீ வருஷத்தில் 50,000 டாலர் ஜெயித்து 52,000 தோற்றாய் என்று வை. உன் கையில் 2,000 நஷ்டம். 52,000-இல் 90 சதவீதம் 46,800. மீதி 3,200 டாலர் நீ சம்பாதித்ததாகக் கணக்காகி அதற்கு நீ வரி கட்ட வேண்டும். நஷ்டத்துக்கு மேல் வரி. இதைப் பழையபடி மாற்றச் சொல்லி நெவாடா உறுப்பினர் டைனா டைட்டஸ் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார். அது நிறைவேறும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

ஜெயித்தது, தோற்றது இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வை. ஆறாம் வகுப்பில் வரவு செலவுக் கணக்கு எழுதச் சொல்வேனே, அதே மாதிரி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. மூன்று மாதம் எழுதிவிட்டு ஒருநாள் ராத்திரி கூட்டிப் பார். கூட்டின பிறகு எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன், எனக்கும் இப்போதெல்லாம் தூக்கம் சரியாக வருவதில்லை.